உடம்பு சொல்லும்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மே மாத வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சி, அந்தச் சூட்டைக் கூரை வழியாக அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்க, நின்றுபோன மின்விசிறியின் கீழே டெட்டாலும் பவுடரும் வேர்வையும் கலந்த வாடை நகர இடமில்லாமல் தங்கியிருந்தது. கணவனின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்த மோகனப்பிரியா சட்டென்று நிறுத்தினாள். கிருபாகரனின் கெண்டைக்கால்களில் புல்லரித்திருந்தது. மார்கழிக் குளிரில் நிற்பவனுக்குப் போல ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எழுந்து நின்றது.

கையை எடுத்தாள். அடங்கியது.

தொட்டாள். எழுந்தது.

"இன்னா பிரியா, நிறுத்திட்ட?"

"தண்ணி சூடாயிடுச்சுங்க. மாத்திகினு வரேன்."

"கொழாயில வர்றதே வெந்நிதான். சும்மா உக்காரு. நீயும் மனுசிதானே."

அவனுக்குக் காலும் தெரியாது, கால்மேல் இருக்கும் கையும் தெரியாது. ஒன்றரை வருடம் முன்பு மொட்டைமாடியிலிருந்து விழுந்ததில் கழுத்தில் தண்டுவடம் நசுங்கி, மார்புக்குக் கீழே எல்லாம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. உட்காரவைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிடுவான். அதற்காகத்தான் முதுகுத்தண்டை ஒட்டி ஒரு கம்பி வைத்து, வயிற்றுத் தோலுக்கடியில் பேட்டரி புதைத்தார்கள். ரிமோட்டை அழுத்தினால் கம்பி மெல்லத் துடிக்கும், ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும், அவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பட்டாபிராம் ரயில்களைப் பார்ப்பான். நடக்க வரவில்லை. ஆனால் வேர்ப்பது, சிலிர்ப்பது என்று உடம்பு தன்பாட்டுக்குச் செய்யும் வேலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின.

அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். "கீழ என்ன வலின்னாலும் அவருக்குத் தெரியாதும்மா. உடம்பு சொல்லும். புல்லரிக்கும், நெத்தி வேர்க்கும், பிரஷர் எகிறும். உடனே நிமித்தி உக்கார வெச்சு, ரிமோட்டை ஆஃப் பண்ணிட்டு, காரணத்தைத் தேடுங்க. எடுத்துட்டா அடங்கிரும். விட்டீங்கன்னா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிரும்."

படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொண்ட கைகள் உங்களில் யாருக்காவது இருந்தால், அவள் எப்படித் தேடினாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர்க் குழாயை நீவினாள், மடங்கவில்லை. விரிப்பின் சுருக்கங்களைத் தடவினாள். கால் நகங்களைப் பார்த்தாள். இடுப்புக் கயிற்றைத் தளர்த்தினாள். ஒன்றுமில்லை. அவள் கை போன வழியெல்லாம் சிலிர்ப்பு பின்னாலேயே வந்தது.

"தலை வலிக்குது பிரியா," என்றான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தினாள். ரிமோட்டை அணைத்தாள். கம்பியின் துடிப்பு நின்றது. புல்லரிப்பு நிற்கவில்லை.

கூடத்துக்கு வந்து, தினமும் காலையில் அவனுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வரும் சபீனாவைப் போனில் பிடித்தாள்.

"நசரத்பேட்டைல ஒரு பேஷன்ட் வீட்டுல இருக்கேன்க்கா, இதோ கிளம்பிட்டேன். ஆம்புலன்ஸுக்கும் நானே சொல்லிடறேன். ட்யூப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"பெட்ஷீட், நகம்?"

"எல்லாம் பாத்துட்டேன் சபீனா. உன் கை பட்டா இப்படி ஆயிருக்கா?"

"எனக்கா? ஒரு நாளும் இல்லியே. சும்மா வராதுக்கா. நல்லாத் தேடுங்க."

போனை வைத்தவள் தன் கைகளைப் பார்த்தாள்.

அவன் விழுந்த அன்று, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிசெய்யக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறினான். அவள் கீழே நின்று இரண்டு கெண்டைக்கால்களையும் பிடித்திருந்தாள். காலையில் தொடங்கிய சண்டை அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேலே பார்த்தபடியே அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அவள் தள்ளவில்லை. கைகளைத் திறந்தாள், அவ்வளவுதான். கால் வழுக்கிவிட்டது என்று தெருவே சொன்னது. கண் விழித்ததும் அவனும் அதையே சொன்னான்.

உள்ளே போனாள். அவன் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. பிரஷர் மிஷினின் பட்டையை அவன் கையில் சுற்றினாள். அது உறுமிக்கொண்டு வீங்கியது. அவள் இதுவரை பார்த்திராத எண் ஒன்று வந்தது.

"அன்னிக்கு என் காலு தானே வழுக்குச்சு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. "இன்னாவோ, இப்ப அந்த நெனப்பு வந்துச்சு."

எதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் விட்டேன். இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தாள். அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, தாய் வரும் வாசலைப் பார்க்கும் பிள்ளைபோல. இதைச் சொன்ன பிறகு அந்தக் கண்கள் எப்படிப் பார்க்கும்?

"ஆமாங்க," என்றாள். "வழுக்கிடுச்சு."

மிஷின் மறுபடி உறுமியது. எண் ஏறியது.

அவள் பின்வாங்கினாள். கட்டிலைவிட்டு. மேசையைத் தாண்டி. முதுகு கதவில் இடித்தது. தான் விலகினால் அடங்கும். அடங்க வேண்டும்.

"பிரியா."

"ம்."

"காலு தெரியுது."

அவள் உள்ளங்கைகளைப் பின்னால் கதவில் அழுத்தினாள்.

"மெய்யாலுமே. யாரோ புடிச்சிகினு கீறாங்க." வலியில் சுருங்கிய அந்த முகம் சிரித்தது. "நீதானே?"

பார்த்தாள்.

மற்ற இடமெல்லாம் தோல் வழவழப்பாக இருந்தது. இரண்டு கெண்டைக்கால்களில் மட்டும் புல்லரிப்பு. கொத்தாக. முன்னால் கட்டைவிரல். பக்கவாட்டில் சுற்றிய நான்கு விரல்கள். இரண்டு காலிலும். சின்னக் கைகள். அவளுடைய அளவு. விரல் பட்ட இடங்களில் சதை அழுந்திக் குழிந்திருந்தது.

அவள் கைகள் கதவில் ஒட்டியிருந்தன.

"கெட்டியா புடிச்சிக்கோ," என்றான்.

அவன் கெண்டைக்கால்களில், சுண்டுவிரல் முதலில் விலகியது. அடுத்தது. அதற்கடுத்தது.