நண்டு வைத்த புள்ளி

புனிதா சித்தியின் நகங்களைப் பார்த்தாலே அன்று கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் நீலம், ஒரு நாள் பச்சை, மழை பெய்தால் சேற்று நிறம். சித்தி ஓவியர். மலேசியாவின் கிள்ளானில் குடியிருந்தாலும் அவர் வரைவதெல்லாம் கடலைத்தான். சேற்றில் வேர்விட்டு நிற்கும் அலையாத்தி மரங்கள், படகுகள், வலையை உலர்த்தும் மனிதர்கள்.

"கையைக் கழுவினாத்தான் தோசை," என்பார் அம்மா.

"கழுவிட்டேன்கா. இது போகாது லா," என்பார் சித்தி.

அந்தச் சனிக்கிழமைக் காலையிலும் சித்தியின் இரண்டு கைகளிலும் சாயம். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது. மோரிப் பக்கம் ஒரு கம்பத்திலிருந்து, அதாவது மீனவக் கிராமத்திலிருந்து, புவான் ரோஹானி என்ற பெண்மணி மலாயில் செய்தி அனுப்பியிருந்தார். கம்பத்துப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு சின்ன நூலகம் கட்டியிருந்தார்கள். மறுநாள் திறப்பு விழா. அதன் வெளிச்சுவரில் படம் வரையச் சித்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். சித்திக்கு அதுதான் முதல் சுவர்.

"பிரியா, என்னன்னு படிச்சுச் சொல்லு."

விஷ்ணுப்ரியாவுக்குப் பத்து வயது. மலாய்ப் பாடத்தில் எப்போதும் 'ஏ' வாங்குகிறவள். அந்தப் பெருமையில் ஒரே மூச்சில் படித்தாள்.

"சுவத்துல 'கோலம் கித்தா' வரையணுமாம். கித்தான்னா நம்ம. நம்ம கோலம், சித்தி!"

"கோலமா கேட்டிருக்காங்க?" சித்தியின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு நல்ல மனசு அவங்களுக்கு!"

இருவரும் சாய டின்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

மதியம் மூன்று மணிக்குள் சுவர் முழுக்க மணல் நிறம் ஏறிவிட்டது. அதன்மேல் சித்தியைவிட உயரமாக, வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளிக்கோலம். புள்ளிகள் அத்தனையும் விஷ்ணுப்ரியா வைத்தவை. நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் பாக்கி.

புவான் ரோஹானி ஒரு தட்டு நிறையப் பொரித்த கறிபாப்புடன் வந்தார். சுவரைப் பார்த்தார். நாலடி பின்னால் போய் மறுபடியும் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது," என்றார் மலாயில். "ஆனால் கோலம் எங்கே?"

"இதுதான் கோலம்," என்றார் சித்தி.

"மீனைக் காணோமே?"

"கோலத்தில் எதற்கு மீன்?"

"கோலத்தில் மீன் இல்லாமல் வேறு என்ன இருக்கும்?"

புவான் ரோஹானி மரங்களுக்கு நடுவே கையைக் காட்டினார். கடல் உள்வாங்கியிருந்தாலும் அங்கே ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கிப் பளபளத்தது. "அதுதான் எங்கள் கோலம். கம்பத்துப் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் அதில்தான் நீந்தக் கற்றோம். முதல் இறாலைப் பிடித்ததும் அதில்தான்."

விஷ்ணுப்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலாயில் கோலம் என்றால் குளம்! இரண்டாம் ஆண்டிலேயே படித்த சொல். சோதனையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறாள்.

புவான் ரோஹானி கோபப்படவில்லை. ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. "நாளைக்குச் சுவரில் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன்," என்றார் மெதுவாக.

"மன்னியுங்கள். தவறு என்னுடையது. செய்தியை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை," என்றார் சித்தி. விஷ்ணுப்ரியாவின் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரையலாம் என்று சித்தி மணல் நிற டின்னைத் திறந்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கால் சுவருக்குக்கூடப் போதாது.

விஷ்ணுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினாள். கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. தலையைக் குனிந்து நடந்தவள் சட்டென்று நின்றாள்.

ஈர மணலில் ஒரு சின்ன ஓட்டை. அதைச் சுற்றி மிளகு அளவில் மணல் உருண்டைகள், வரிசை வரிசையாக. ஓட்டைக்குள்ளிருந்து நக அளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. மணலை அள்ளி வாயில் வைத்தது. தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டி ஓரமாக வைத்தது. பிறகு அடுத்த உருண்டை.

"சித்தி! ஓடி வாங்க! நண்டு புள்ளி வெச்சிருக்கு!"

சித்தி வந்து குனிந்து பார்த்தார். புவான் ரோஹானியும் பார்த்தார்.

"அழிக்காதீங்க, சித்தி. நடுவுல இடம் இருக்குல்ல? அங்க குளத்தை வரைங்க. என் புள்ளியெல்லாம் நண்டு உருட்டின மணலா இருக்கட்டும்."

பிறகு புவான் ரோஹானியிடம் திரும்பி மலாயில் சொன்னாள். "செய்தியைப் படித்தது நான்தான். சித்தி மேல் தப்பில்லை. உங்கள் கோலம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கோலத்தைப் போடவைத்துவிட்டேன்."

புவான் ரோஹானி சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்து ஒரு கறிபாப் உருண்டு விழுந்தது. "நாற்பது வருடமாக இந்த மணலில் நடக்கிறேன். நண்டு கோலம் போடுவது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!"

பொழுது சாயும்வரை வேலை நடந்தது. புவான் ரோஹானி ஏணியைப் பிடித்துக்கொண்டு, குளத்தில் என்னென்ன மீன் உண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோலத்தின் நடுவே தண்ணீர் வந்தது. மீன் வந்தது, இறால் வந்தது, நீந்தும் பையன் ஒருவன் வந்தான். புள்ளிகளுக்கு இடையே விஷ்ணுப்ரியா குட்டி நண்டுகளை உட்கார வைத்தாள்.

மறுநாள் கம்பமே திரண்டு வந்தது. நீந்தும் பையன் தான்தான் என்று மூன்று பேர் சண்டை போட்டார்கள். ஒரு சின்னப் பெண் நண்டுகளை எண்ணி, தப்பு விட்டு, மறுபடி எண்ணினாள்.

"என்னைக் காட்டிக்கொடுக்காததுக்கு ரொம்ப நன்றி, சித்தி," என்றாள் விஷ்ணுப்ரியா.

"நான்தான் உனக்கு நன்றி சொல்லணும். நீ சரியா படிச்சிருந்தா வெறும் குளத்தை வரைஞ்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன் லா."

விஷ்ணுப்ரியா சுவரின் அடியில், நண்டுகளுக்கு எட்டும் உயரத்தில், 'நன்றி' என்று பொடி எழுத்தில் எழுதினாள்.

அப்போது புவான் ரோஹானி ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்தார். படத்தின் பெயரை அவரே எழுதியிருந்தார்.

"பிரியா, என்னன்னு படிச்சுச் சொல்லு," என்றார் சித்தி. அவர் கண்ணில் குறும்பு.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "கோலம் கித்தா. நம்ம கோலம்."

"எந்தக் கோலம்?"

"ரெண்டும்தான், சித்தி!"