எதிர்த்தட்டு

மனைவி பலகையில் கரண்டியால் தட்டி முடித்த பிறகும் சமையலறைப் பக்கம் ஒரு தட்டு மிச்சமாகக் கேட்டது. டொக்.

"நீயா?" என்றான் மூட்டைக்காரன், சுவரிலிருந்து கண்ணெடுக்காமல்.

"நான் இல்லீங்க. பின்வாசல் கதவுக்கு முட்டுக்கல் வெச்சும் ஆடுது. நீங்க சுவத்துல இருக்கிற தாளைப் பாருங்க. நாளைக்குக் கோட்டை விட்டுட்டு வந்தா, சாப்பாடு கிடையாது, இந்தக் கரண்டிதான்!"

நாளை பேண்டுக் குழுவில் முரசடிக்க ஆள் எடுக்கிறார்கள். தேறினால் கிடங்கில் சுமந்து தேய்ந்த முதுகு பிழைக்கும். முன்பின் பாராத தாளக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் தினமும் சாயங்காலம் சுவரில் ஒரு புதுத் தாளை ஒட்டி, வரிவரியாகக் கைதட்டி வாசிப்பான். பின்னால் அவள், தாளைப் பார்க்காமல், காதில் விழுந்ததை அப்படியே பலகையில் கரண்டியால் திருப்பித் தட்டுவாள். குழுத் தலைவர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: தப்பினாலும் நிற்காதே, பின்னால் இடி விழுந்தாலும் திரும்பாதே.

மேசையில் தாளம் சொல்லும் மரப்பெட்டி, முழுதாகச் சாவி கொடுக்கப்பட்டுக் காத்திருந்தது. ஆடுகோலைப் பிடித்திருக்கும் கொக்கி தேய்ந்துபோனது. நினைத்தபோது தானே நழுவும்; நழுவினால் சாவி தீரும்வரை பெட்டி டக் டக்கென்று தட்டும்.

முதல் வரியைத் தட்டினான். கரண்டி கணீரென்று பதில் சொன்னது.

இரண்டாவது வரிக்குப் பதில் கனமாக வந்தது. நடுவே தரையில் ஏதோ இழுபடும் ஓசை. மழையில் நனைந்த இரும்பு போல ஒரு வாடை.

"கரண்டியை மாத்திட்டியா?"

பதில் இல்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது வரிக்குப் போனான். பழகிய காது தானாகவே பிரித்துச் சொன்னது: இது பலகை இல்லை. மரமே இல்லை. உள்ளே ஈரமுள்ள ஏதோ. கடைசி அடியில் அது விரிசல் விட்டது. ஆனாலும் தாளம் ஒரு மயிரிழை பிசகவில்லை. அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நிற்கவில்லை. நான்காவது வரி.

பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ தெறித்தது.

திரும்பினான்.

அவள் தரையில் கிடந்தாள். முகத்தில் ஒரு பாதி இருந்த இடத்தில் இல்லை. அவளருகே அது நின்றது. கூரை இடிக்காமல் தலையைக் குனிந்து, அவனைப் போலவே சுவரைப் பார்த்தபடி. கையில் முட்டுக்கல்.

"ஐயோ" என்றான்.

இரண்டு அசை. கல் இரண்டு முறை இறங்கியது. அவள் முழங்கால் நொறுங்கியது.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவளுக்கு இன்னும் உயிர் இருந்தது. முனக உதடு துடித்தது. தவழ்ந்துபோய் வாயைப் பொத்தினான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவளுக்கும் புரிந்தது. அவன் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் வரக் கடித்தாள். அவன் கத்தவில்லை.

நிசப்தம்.

கல் மேலே உயர்ந்தே நின்றது. அது காது கொடுத்துக் காத்திருந்தது.

மேசையில் கொக்கி மெல்ல நழுவியது.

ஆடுகோல் சாய்ந்தது.