பதினேழாம் கட்டைக்கு ஓர் ஆட்சேபம்

ஜனவரி முப்பத்தோராந் தேதி காலை பத்து மணிக்கு ஜெனீற்றா நாரந்தனையில் சறோஜினிதேவியின் கதவைத் தட்டியபோது அவளுக்கு ஆறு மணித்தியாலம்தான் மிச்சம் இருந்தது. நான்கு மணிக்குப் படகுத்துறைக் கந்தோர் பூட்டிவிடும். அதற்குள் அனுமதியைப் புதுப்பிக்காவிட்டால், ஊர்காவற்றுறையில் அவளுடைய வள்ளம் கட்டுகிற பதினேழாம் கட்டை அடுத்த ஆளுக்குப் போய்விடும். கட்டை போனால் மண்ணெண்ணெய் அட்டையும் போகும், நண்டு வலையும் போகும். புருஷன் போய் மூன்று வருடம். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிறது அந்த வள்ளம் ஒன்றுதான்.

"நவம்பரிலேயே விண்ணப்பம் குடுத்தனான் அம்மா. பழைய பத்திரத்தையும் சேர்த்துத்தான் குடுத்தனான். இண்டைக்கு வா, நாளைக்கு வா எண்டு இழுத்தடிச்சுப்போட்டு, இப்ப ஆட்சேபம் வந்திருக்காம். மூண்டு மாசமா என்ரை கட்டை வெறுமையாக் கிடக்காம்! எல்லாம் பக்கத்துக் கட்டைக் கிறிஸ்ரியின்ரை வேலை. தன்ரை ரெண்டாவது வள்ளத்துக்கு இடம் கேட்டுக் காத்திருக்கிறவன். கந்தோரிலை கிளாக்கர் சஞ்சீவன் தம்பி பாவம், இந்த மாரிக்குத்தான் கொழும்பிலையிருந்து வந்தவர், அவர்தான் இந்தப் பிரதியையும் தந்தவர்."

சறோஜினிதேவி நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தரம் வாசிக்காமல் வாய் திறக்கமாட்டார். ஆட்சேபக் கடிதத்தின் அடியில் கிறிஸ்ரி என்று கையெழுத்து. கூடவே ஒரு படம்: நடுவில் பதினேழாம் கட்டை வெறுமையாக நிற்க, இரு பக்கத்து வள்ளங்களும் நயினாதீவுப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. பின்பக்கத்தில் 'டிசம்பர் 10' என்று எழுதியிருந்தது.

"டிசம்பரிலை வள்ளம் அங்கைதான் நிண்டதோ?"

"ஓம் அம்மா! ஆடியிலை ஒருக்கால் ஓட்டை அடைக்கக் கரையேத்தினனான், அவ்வளவுதான். இன்னும் ஒழுகுது. நாளுக்கு ஒருக்கால் தண்ணி இறைக்காட்டில் தாண்டுபோம். நான் ஒரு கிழமையாக் கந்தோர் கந்தோரா அலையிறன், துறைப்பக்கமே போகேல்லை. ஐயோ, அது இப்ப கடலடியிலை கிடக்கும்!" ஜெனீற்றா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தக் கிறிஸ்ரியைப் பிடிச்சு உலுப்பினால் எல்லாம் வெளியிலை வரும்!" என்று வாசலில் நின்று துள்ளினான் அவளைக் கொண்டுவந்த ஓட்டோக்காரன் கோபிசங்கர். சறோஜினிதேவியின் ஒவ்வொரு வழக்கிலும் முதல் குற்றவாளியைக் கண்டுபிடிப்பவன் அவன்தான், ஒருதரமும் சரிவந்ததில்லை.

"முதல்லை ஓட்டோவைத் திருப்பும்," என்றார் அவர்.

துறையில் வாடைக்காற்று பிய்த்து எறிந்தது. ஒற்றைக் கயிற்றில் கட்டிய வள்ளங்கள் எல்லாம் காரைநகரைப் பார்த்து ஆடிக்கொண்டு நின்றன. அவற்றின் நடுவே ஜெனீற்றாவின் வள்ளமும் மிதந்தது. உள்ளே ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை.

"அந்தோனியார் செய்த புதுமை அக்கா!" என்று கத்தினான் கோபிசங்கர். ஜெனீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள்.

சறோஜினிதேவி படத்தைத் தூக்கிப் பிடித்துக் கடலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிறிஸ்ரியிடம் போய், "கந்தோர் வரைக்கும் வாறீரோ?" என்று மட்டும் கேட்டார். ஜெனீற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன ஞாயிறு கோயில் வாசலில் ஊர் பார்க்க அவனைக் குலத்தோடு திட்டியவள் அவள். அவனோ வலையை வைத்துவிட்டு உடனே எழும்பி வந்தான்.

கந்தோரில் பொறுப்பதிகாரி கூட்டம் முடிந்து வர மூன்றரை ஆகிவிட்டது. ஜெனீற்றா சுவர் மணிக்கூட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

சறோஜினிதேவி படத்தை மேசையில் வைத்தார். "ஒற்றைக் கயிற்றிலை நிக்கிற வள்ளம் காத்து வாற பக்கம் பார்க்கும். டிசம்பரிலை வாடை; வள்ளம் வடகிழக்கிலை இருக்கிற காரைநகரைப் பார்க்கவேணும். இதிலை நயினாதீவைப் பார்க்குது. இது தென்மேற்கிலையிருந்து அடிக்கிற சோளகத்திலை எடுத்த படம். இவ வள்ளத்தைக் கரையேத்தின ஆடி மாசம்."

"அப்ப கிறிஸ்ரிதான் பழைய படத்தை..." என்று எழும்பினான் கோபிசங்கர்.

"இரும். கடலிலை வளர்ந்த ஒருத்தன் இந்தப் படத்தை டிசம்பர் எண்டு காட்டுவானோ? அதுக்கு மேலை, இவருக்குக் கட்டை வேணுமெண்டால் கையெழுத்தே போடத் தேவையில்லை. ஒரு கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் காணும், ஒழுகிற வள்ளம் தானாத் தாண்டிருக்கும். தாழேல்லை. ஆர் இறைச்சது?"

கிறிஸ்ரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆடியிலை கட்டைகளைப் பரிசோதிச்சுப் படம் எடுத்தது இந்தக் கந்தோர். படங்கள் அந்த அலுமாரிக்குள்ளை. அதைப் பூட்டுற திறப்பு, வாடையையும் சோளகத்தையும் பிரிச்சறியாத ஒருத்தரிட்டை. இல்லையோ சஞ்சீவன்?"

சஞ்சீவன் கதிரையில் தொப்பென்று இருந்தான். "விண்ணப்பத்தையும் பழைய பத்திரத்தையும் துலைச்சுப்போட்டன் அம்மா. அடுத்த மாசம் என்னை நிரந்தரமாக்க இருக்கினம். ஆட்சேபம் எண்டு வந்தால் ஒருத்தரும் விண்ணப்பக் கோவையைத் தேடமாட்டினம் எண்டு கிறிஸ்ரியின்ரை பேரிலை நானே எழுதி..." அவன் அலுமாரித் திறப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

பொறுப்பதிகாரி பதிவேட்டைத் திறந்து, தன் கையாலேயே புதுப் பத்திரம் எழுதி முத்திரை குத்தினார். அப்போது நான்குக்கு ஏழு நிமிடம் இருந்தது.

ஜெனீற்றா பத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் கிறிஸ்ரி நின்றான்.

"நான் அவ்வளவு திட்டினனான். பிறகும் ஏன் அண்ணை இறைச்சனீங்கள்?"

"பக்கத்து வள்ளம் தாழுறதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலுமே?" என்றான் அவன். "ஆனால் நாளைக்கு நீயே வந்து இறை பிள்ளை. குனிஞ்சு குனிஞ்சு எனக்கு நாரி நோகுது."

ஜெனீற்றா அந்தப் படியிலேயே இருந்து விம்மி விம்மி அழுதாள்.