மணி அடித்தும் நின்றவள்

நிலவின் தென்முனை மாகாணத்தில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள், பல் தேய்ப்பதற்கு முன்னால் தங்கள் சாவுமணியை ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொள்வார்கள். வலது காதின் பின்புறத்தைச் சுண்டுவிரலால் அழுத்தினால் மண்டைக்குள் 'கிணிங்' என்று கேட்கும். கேட்டால் வேலைக்குப் போகலாம். கேட்காவிட்டால் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அதற்கு முன்மணி என்று பெயர். தோலுக்கடியில் பதித்த உளுந்தம்பருப்பு அளவுக் கருவி. பணிக்கூடங்களின் சுவர், குழாய், கதவு எல்லாவற்றிலும் உணரிகள் இருந்தன. எங்காவது அழுத்தம் எகிறினால், இரும்பு விரிசல் விட்டால், அரை நிமிஷம் முன்னதாக அங்கிருப்பவர்களின் மண்டையில் மணி அடிக்கும். ஓடித் தப்பிக்க அந்த நேரம் போதும்.

இதைக் கட்டாயமாக்கியது தென்முனை மாகாணப் பணிக்காய ஈட்டுறுதி முகமை. வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுப்பதற்கென்றே மாகாண அரசு ஏற்படுத்திய அலுவலகம் அது. தொழிலாளிகள் காய ஆபீஸ் என்பார்கள். முன்மணி வந்த பிறகு அந்த ஆபீஸ் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தும் ஓடாமல் அடிபட்டால் அது அவரவர் கவனக்குறைவு. மணி அடிக்கவே இல்லையென்றால் விபத்தே நடக்கவில்லை. இந்த இரண்டு விதிகளைக் கண்டுபிடித்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்காமல் இருப்பதற்காக முன்னூறு பேர் தினமும் ஆபீஸுக்கு வந்துபோனார்கள்.

அவர்களில் யாரும் முன்மணி பொருத்திக்கொள்ளவில்லை. விபத்து என்பது வேலை செய்கிறவர்களுக்கு வருவது என்பது அவர்கள் எண்ணம்.

சீனித்தாய் பனி உருக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். வெயிலே படாத நிழற்பள்ளங்களில் வெட்டிய பனிக்கட்டியை நீராவி விட்டு உருக்கிக் குடிநீராக்கும் இடம் அது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு மேலே வந்தவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மகள் இசக்கிக்கு ஒன்பது வயது, நிலவிலேயே பிறந்தவள். நிலவில் பிறந்த பிள்ளைகளின் எலும்பு பூமியின் எடையைத் தாங்காது. இசக்கி எந்தக் காலத்திலும் கீழே இறங்க முடியாது. அதனால் சீனித்தாயும் இறங்குவதாக இல்லை.

ஒருநாள் முகமையின் இழப்பீட்டுப் பிரிவுத் துணை இயக்குநர் தணிகாசலம் அந்தக் கூடத்துக்கு வந்தார். அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கிழவர் ஒருவர் மனுப் போட்டிருந்தார். தரை வழுக்காது என்று நிரூபிப்பதற்காகத் தணிகாசலம் பளபளக்கும் செருப்போடு தரையில் முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. நாற்பது பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். தணிகாசலத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன, டீ டைமா?" என்றார், ஓடுகிற முதுகுகளைப் பார்த்து.

வாசலைத் தாண்டிவிட்ட சீனித்தாய் திரும்பிப் பார்த்தாள். அவர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அவள் உள்ளே ஓடி, அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். குழாய் வெடித்தது. ஆவி பரவாமல் இருக்கத் தானாக இறங்கும் அடைப்புக் கதவு, அவள் இடது கையின் மேல் இறங்கியது.

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தணிகாசலம் மருத்துவமனைக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீ என் குலதெய்வம்மா. உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒரு இயங்குகை வச்சுக் குடுத்தா போதும் சார். வேல பாத்துக்கிடுவேன். இல்லேன்னா கீழ அனுப்பிருவாக."

அது உண்மை. வேலைக்கு ஆகாதவர்களை மாகாணம் அடுத்த கலத்தில் பூமிக்கு அனுப்பிவிடும். பல வருடம் நிலவில் லேசாக வாழ்ந்த உடம்பு கீழே போனால் பெரும்பாலும் படுக்கைதான். மகளை விட்டுவிட்டுப் போக வேண்டும். இயங்குகை என்பது நரம்போடு இணைக்கும் செயற்கைக் கை. முகமையின் கிடங்கில் பிரிக்காத பெட்டிகளில் அவையும் இயங்குபாதங்களும் அடுக்கடுக்காக இருந்தன.

"நான் இருக்கேன்ல. கவலைப்படாதே" என்றார் தணிகாசலம்.

விசாரணைக்கு ஆணையர் அங்கயற்கண்ணி தலைமை தாங்கினார். முகமையின் தலைவி; கனிவான குரல் கொண்டவர். அந்தக் குரலில் அவர் சரி என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. சீனித்தாய்க்குத் துணையாக, அதே கூடத்தில் வேலை பார்க்கும் முப்பிடாதி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"மணி அடிச்சுதாம்மா?"

"அடிச்சுதும்மா."

"கேட்டுதா?"

"கேட்டுது."

"வெளியேயும் போயிட்டீங்க. பிறகு ஏன் உள்ளே வந்தீங்க?"

"சார் நின்னுக்கிட்டிருந்தாக."

"அவரை இழுத்துட்டு வர்றது உங்க வேலையா?"

சீனித்தாய் தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பிடாதிக்கு நம்பிக்கை வந்தது.

"மேடம், இதை வேலைன்னு சொல்லி இந்தத் தாயைச் சிறுமைப்படுத்த வேண்டாம்" என்றார் தணிகாசலம், குரல் தழுதழுக்க. "கூலிக்குச் செய்யற காரியமா இது? இது தியாகம். இதுக்கு விலை பேசினா அந்தத் தியாகத்துக்கே அவமானம்."

ஆணையரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலையல்லாத தியாகத்தில் ஏற்பட்ட காயம் பணிக்காயமாகாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். மாகாணத்தின் மிக உயர்ந்த வீரப் பட்டமான 'மாகாண மறத்தி'யை அவளுக்கு வழங்கப் பரிந்துரைத்தார். அவையில் கைதட்டல் எழுந்தது.

சீனித்தாய் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"சார், எனக்குப் பட்டமெல்லாம் வேண்டாம். கை குடுங்க."

தணிகாசலம் நெகிழ்ந்துபோய் இறங்கி வந்து, அவளுடைய மிச்சமிருந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் படம்தான் மறுநாள் எல்லாத் திரைகளிலும் வந்தது.

பட்டமளிப்பு விழா நடத்தினார்கள். பொன்னாடை தோளிலிருந்து நழுவியபோது அவளால் ஒற்றைக் கையால் பிடிக்க முடியவில்லை. ஆணையரே எடுத்துப் போர்த்தினார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சீனித்தாய் மைக்கின் முன்னால் நின்று, முன்வரிசையில் இருந்த அதிகாரிகளை விட்டுவிட்டு, பின்னால் நின்ற தொழிலாளிகளைப் பார்த்துச் சொன்னாள்:

"மணி அடிச்சா ஓடிருங்க. ஆருக்காகவும் நிக்காதிய."

என்ன அடக்கம் என்று வியந்து அதிகாரிகள் கைதட்டினார்கள். பின்னால் நின்றவர்கள் தட்டவில்லை.

அடுத்த கலத்தில் அவளை அனுப்பிவிட்டார்கள். முதல் வகுப்பில் இடம் கொடுத்தார்கள். அதற்குமேல் மறத்திக்குச் சலுகை ஏதுமில்லை. இசக்கியை முப்பிடாதி தன் வீட்டில் வைத்துக்கொண்டான். கலம் கிளம்பும்வரை அந்தப் பிள்ளை அழாமல் நின்றது. கிளம்பிய பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் பனி உருக்கும் கூடத்தில் சீனித்தாய்க்கு உருவச்சிலை திறந்தார்கள். சிலைக்கு இரண்டு கையும் இருந்தது. ஒற்றைக் கை பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்று ஆணையர் திருத்தம் சொல்லியிருந்தார். வெடித்த இடத்தில் ஒட்டுப் போட்ட பழைய குழாயை மட்டும் யாரும் திருத்தவில்லை. மேடையில் பத்துப் பன்னிரண்டு அதிகாரிகள். கீழே தொழிலாளிகள்.

ஆணையர் மனிதநேயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது.

தொழிலாளிகள் எழுந்தார்கள். கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. முகமையின் பாதுகாப்புக் கையேட்டில் போட்டிருந்தபடியே விறுவிறுவென்று வெளியேறினார்கள்.

"பாருங்க, பேசிட்டிருக்கும்போதே எழுந்து போறாங்க. மரியாதை தெரியாத ஜனங்க" என்று ஆணையர் மைக்கிலேயே சொன்னார்.

தணிகாசலத்துக்கு மட்டும் எங்கோ பார்த்த காட்சியாகத் தோன்றியது. அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் குழாய் வெடித்துவிட்டது.

யாரும் சாகவில்லை. ஆணையரின் முதுகு வெந்துவிட்டது. தணிகாசலத்துக்கு வலது பாதம் போய்விட்டது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு காயம். அவர்கள் யாருக்கும் மணி கேட்கவில்லை. ஆகவே கவனக்குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. விழாவில் கலந்துகொள்வது அதிகாரியின் பணி; ஆகவே அது பணிக்காயம். எல்லோருக்கும் அந்த வாரமே முழு இழப்பீடு வழங்கப்பட்டது. கிடங்கிலிருந்து முதல் பெட்டி தணிகாசலத்துக்காகப் பிரிக்கப்பட்டது.

பிறகு விசாரணை நடந்தது. முப்பிடாதியைக் கூப்பிட்டார்கள். தணிகாசலம் புதுப் பாதத்தை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"உள்ளே மனுஷங்க இருக்கோமே, ஒருத்தனாவது திரும்பிப் பார்த்தீங்களா?"

"மணி அடிச்சுது சார்."

"அடிச்சா?"

"நின்னா எங்க தப்புன்னு சட்டம் போட்டது நீங்கதானே?"

"சீனித்தாய் நிக்கலையா? அவளும் உங்களை மாதிரித் தொழிலாளிதானே?"

"நின்னா சார். இப்பம் கோவில்பட்டில எந்திரிக்க முடியாமக் கெடக்கா. நீங்க ஒருதடவ போயி பாத்துட்டு வாங்க."

அவன் திமிராகப் பேசியதாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

முகமை ஒரு மாதம் கூடிக் கூடி ஆராய்ந்தது. குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. அதிகாரிகளும் முன்மணி பொருத்திக்கொள்ளலாமே என்று இளநிலை உதவியாளர் ஒருவர் எழுதியிருந்தார். காதுக்குப் பின்னால் கூலிக்காரத் தழும்போடு மேடையேறுவதா என்று அதைத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் முடிவு வந்தது: தொழிலாளிகளின் மனிதநேயத்தைக் கெடுப்பது முன்மணிதான். முன்கூட்டித் தெரிவதால்தான் ஓடுகிறார்கள். தெரியாவிட்டால் சக மனிதரை விட்டு ஓடமாட்டார்கள். ஆகவே அதிகாரிகள் பார்வையிட வரும் நாள்களில், ஷிப்டு தொடங்கியதும் எல்லா முன்மணிகளையும் நிறுத்திவைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு 'மாகாண மறத்தி சீனித்தாய் மனிதநேயத் திட்டம்' என்று பெயரிட்டார்கள். அவளிடம் கேட்கவில்லை.

திட்டத்தின் முதல் நாளன்று காலையில், கோவில்பட்டியில் கட்டிலோடு கிடந்த சீனித்தாய்க்கு மேலேயிருந்து அழைப்பு வந்தது. திரையில் இசக்கி பள்ளிச் சீருடையில் நின்றாள். ஒரு வருடத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள்.

"எம்மா, ஒம் பேர்ல திட்டம்! பள்ளியோடத்துல பாட்டுச் சொல்லிக் குடுத்தாக."

"என்ன திட்டம் தாயி?"

இசக்கி ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள்.

"மணியே அடிக்கலேன்னா முப்பிடாதி மாமாவுக்கு எப்படிம்மா தெரியும், ஆரக் காப்பாத்தணும்னு?"

சீனித்தாய்க்கு எழுந்து உட்கார வேண்டும்போல் இருந்தது. பூமி அவளை விடவில்லை.

"அந்தக் கூறெல்லாம் அவுகளுக்கு இருந்தா நான் ஏன் இங்க கெடக்கேன்? மாமா எங்க?"

"ஷிப்டுக்குக் கெளம்பிட்டிருக்காக. இன்னைக்குப் பெரிய ஆபீசரெல்லாம் வாராகளாம்."

"போகாண்டாம்னு சொல்லு. காய்ச்சல்னு படுத்துக்கிடச் சொல்லு. மத்தவுக கிட்டயும் சொல்லச் சொல்லு. ஓடு."

இசக்கி திரையை அணைக்காமலே ஓடினாள்.

அன்று பனி உருக்கும் கூடத்தில் நாற்பது பேருக்கும் காய்ச்சல். தணிகாசலமும் மற்ற அதிகாரிகளும் ஆளில்லாத கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குழாய்க்கடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். காய்ச்சல் பணிக்காயத்தில் சேராது என்று முகமை அன்று மாலைக்குள் அறிவித்துவிட்டது.