இன்ஸாஃப் வீட்டில் இன்னொருத்தி!

"வந்துட்டா... வந்துட்டா!"

அலறல் மாடிப்படி வரை கேட்டது. டாக்டர் ஷஹீரா ஓடினாள்.

கெய்ரோவின் இம்பாபா பகுதி. மேல்மாடி வீடு. கட்டிலில் ஹஜ் முடித்த பெரியவர், ஹாஜ் மித்வல்லி. உதடு நீலம். பார்வை ஆளில்லாத மூலையில்!

"யாரு வந்தா, ஹாஜ்?"

"அவாதிஃப்..."

ஷஹீராவுக்கு முதுகு சில்லிட்டது. அவாதிஃப் அவருடைய முதல் மனைவி. செத்து மூன்று வருடம்!

அவசரமாக ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினாள்.

"பேய்தான் டாக்டரம்மா!" இரண்டாம் மனைவி இன்ஸாஃப் நடுங்கினாள். "ஆஸ்பத்திரியில கல்லு மாதிரி இருக்காரு. வீட்டுக்கு வந்தா அவ நெஞ்சுல ஏறி உக்கார்றா!"

"பேயில்ல, புறா! ஆஸ்பத்திரியில நுரையீரலைக் கழுவி, அந்தத் தண்ணியைப் பார்த்தேன். உடம்போட காவல் செல்லுங்க கூட்டம் கூட்டமா நிக்குது. புறாத் தூசி பட்டா அதுங்களுக்கு வெறி. எதிரியை அடிக்கிறேன்னு நுரையீரலையே தழும்பாக்கிடும். இன்னும் ரெண்டு தடவை இப்படி வந்தா... ஆள் காலி!"

"மொட்டைமாடியில இவரு வளர்த்த புறா மொத்தமும் வித்தாச்சே!"

"அப்ப தூசி எங்கேர்ந்து வருது?"

இன்ஸாஃப் கையை விரித்தாள்.

ஷஹீரா அலமாரியைக் குடைந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். கடைசியில் தலையணை... ஓரத்தில் புதுத் தையல்!

பால்கனிக்கு எடுத்துப் போய்க் கிழித்தாள்.

உள்ளே... புறா இறகு!

"அடிப்பாவி! இதைத் தைச்சது நீதானே?"

"வல்லாஹி, அல்லா சத்தியமா நான் இல்ல! ஊசியில நூல் கோக்கக்கூட எனக்குக் கண்ணு தெரியாது!"

"நான்தான் தைச்சேன்."

கட்டிலில் மித்வல்லி முகமூடியை விலக்கியிருந்தார்.

"ஏன் ஹாஜ்? சாகணுமா உங்களுக்கு?"

"மூச்சு முட்டினாத்தான் அவ வர்றா. நீங்க குணமாக்கினா போயிடறா." கண்ணில் நீர் வழிந்தது. "புறா வளர்க்கறவங்க நாங்க, அடுத்தவன் புறா எங்க மாடியில இறங்கினாலே திருப்பித் தர மாட்டோம், டாக்டரம்மா. அந்த உலகத்துலேர்ந்து வந்தவளை எப்படி விடுவேன்?"

ஷஹீரா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூளைக்குக் காற்று குறைந்தால் இல்லாதவர்கள் தெரிவார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. முகமூடியை மட்டும் இறுக்கினாள்.

இன்ஸாஃப் மூக்கைச் சிந்தினாள்.

"இவரை நீங்களே வச்சுக்குங்க டாக்டரம்மா! உசிரோட இருக்கற சக்களத்தின்னா குடுமியைப் பிடிச்சிருப்பேன்... இவளுக்கு வயசுகூட ஆக மாட்டேங்குதே!"