அண்ணிக்கு வந்த கடிதம்

பனிச்சறுக்கு வண்டி வாயிலில் நின்றபோது பிற்பகல் மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஆயினும் வெதர்ஸ்ஃபீல்ட் ஊரின் வானம் அதற்குள்ளாகவே சாம்பல் பூத்துவிட்டது. இரு குளிர்காலங்களாகப் பூட்டிக் கிடந்த அவ்வீட்டின் கதவை ஜோத்தம் தோளால் இடித்துத் திறந்தான். அவனுடைய அத்தை லுக்ரீஷியா பெல் மெல்ல இறங்கினாள். அறுபத்திரண்டு வயதில் முழங்கால்கள் சோர்ந்திருந்தன. அவற்றினும் மிகுதியாக மனம் சோர்ந்திருந்தது.

மாடியறையில் கணப்பை மூட்டிவிட்டு, ஜோத்தம் கடிதப் பெட்டியை இழுத்துவைத்தான். லுக்ரீஷியா மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு அதன்முன் அமர்ந்தாள்.

"அப்பாவோட கடுதாசியெல்லாம் தனியா எடுத்து வைங்க அத்தை. நான் போய்க் குதிரையை லாயத்துல கட்டிட்டு வந்துடறேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு இந்தக் குப்பையைக் கிளறணுமாடா?"

"ஏப்ரல்ல நான் தேர்தல்ல நிக்கறேன். அந்தப் பத்திரிகைக்காரன் எழுதினதைப் பாத்தீங்கல்ல? 'நாட்டுக்கு ஆயிரம் கடிதம் எழுதிய ஈனாஸ் பெல், சாகும்போது பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுதவில்லை'ன்னு. வெங்காய விலை கேக்கவே ரெண்டு பக்கம் எழுதுற மனுஷன் அவரு!" சிரித்தவன், சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "ஓட்டு போனாப் போகட்டும் அத்தை. நானும் அதை முப்பது வருஷமா நம்பிட்டிருக்கேன். அதான் தாங்கல."

அவன் காலடியோசை படிகளில் இறங்கித் தேய்ந்தது.

ஒரு வரி இருந்தது. அதை அறிந்தவள் லுக்ரீஷியா ஒருத்தியே.

அக்குடும்பத்தில் கடிதம் எவர் பெயருக்கு வந்தாலும் அது எல்லார்க்கும் பொது. அண்ணன் ஈனாஸ் அரசுப் பணியில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து எழுதுபவற்றை முத்திரை உடைத்து, கூடத்தில் உரக்கப் படிப்பது லுக்ரீஷியாவின் வேலை. அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவிய ஆண்டில், கடிதங்களை இடுக்கியால் பற்றி வினிகரில் நனைத்து உலர்த்திய பின்னரே ஊரார் தொட்டனர். அவ்வாறு நனைத்த கடைசிக் கடிதத்தை அவள் தனியே படித்தாள். 'காய்ச்சல் கண்டுவிட்டது, அபையா. உன் முகத்தைப் பார்க்காமல் போகமாட்டேன். வா.'

ஜோத்தம் அப்போது சிறுவன்; அண்ணி அபையாவுக்கு அடுத்த குழந்தை, ஏழாம் மாதம். சொன்னால் அன்றே வண்டியேறிவிடுவாள். அண்ணன் பிழைத்த செய்தி வரட்டும், அதன்பின் கொடுக்கலாம் என்று லுக்ரீஷியா அதனைப் பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே செருகினாள். பதினொன்றாம் நாள் வந்ததோ சாவுச் செய்தி. அதன்பின் எந்த முகத்தோடு கொடுப்பது? தபால்காரன் வரும்போதெல்லாம் அண்ணி படியில் நின்று கேட்டாள். டிசம்பரில், பிரசவத்தில், கேட்டுக்கொண்டே இறந்தாள்.

லுக்ரீஷியா அடிப்பலகையை நெம்பினாள். கடிதம் அங்கேயே இருந்தது. எரித்துவிட்டால் எல்லாம் முடியும். ஜோத்தம் தன்னை வெறுக்கமாட்டான். அவள் அதனைக் கணப்பை நோக்கி நீட்டினாள்.

வினிகர் நெடி எழுந்தது.

பழைய காகிதத்தின் மங்கிய நெடி அன்று. சற்றுமுன் ஊற்றியதுபோல் கண்ணை எரிக்கும் நெடி.

தீநாக்குகள் தாழ்ந்து, விறகின்மேல் நீலமாய் ஒட்டிக்கொண்டன.

படியில் ஓசை கேட்டது. ஜோத்தமின் கனத்த காலணியோசை அன்று அது. பாரம் சுமந்தவள், படிக்கொரு முறை மூச்சு வாங்கி நின்று ஏறும் ஓசை.

வாசற்படியில் அது நின்றது.

"லுக்ரீஷியா... கடுதாசி வந்துச்சா?"

அவள் திரும்பவில்லை. அச்சத்தினும் பெரிய அயர்ச்சி ஒன்று அவள் எலும்புகளுக்குள் இறங்கியது. முப்பது ஆண்டுகள் ஒரே பொய்யைச் சுமந்தவளுக்கு ஓடுவதற்குக் கால் எங்கிருந்து வரும்?

"வந்துச்சு அண்ணி," என்றாள். "நான்தான் தரல."

பின்னர், கூடத்தில் படிப்பதுபோலவே, உரக்கப் படித்தாள். 'வா' என்னும் சொல்லில் குரல் உடைந்தது. பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சொன்று பட்டு நின்றது. நெடி அடங்கியது. தீ மீண்டும் எழுந்தது.

ஜோத்தம் பனியை உதறியபடி நுழைந்தபோது அவள் கடிதத்தை அவனிடமே நீட்டினாள்.

"உங்கப்பா எழுதினாருடா. உங்கம்மாவுக்குக் காட்டாம ஒளிச்சு வச்சது நான்தான்."

அவன் படித்தான். முகம் சிறுவனுடையதுபோல் கோணியது.

"அம்மா தினமும் படியில நின்னாங்களே... தெரிஞ்சேவா அத்தை?"

"தெரிஞ்சேதான்."

அவன் கடிதத்தைக் கணப்பின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பின்னர்க் காகிதத்தைத் திருப்பியவன் புருவம் சுருக்கினான்.

"பின்பக்கம் பதில் எழுதியிருக்கே. இது அம்மா கையெழுத்து." கட்டைவிரலால் தடவினான். விரல் கறுத்தது. "மை காயவே இல்லையே!"

"படி."

"'இன்றே புறப்படுகிறேன். லுக்ரீஷியாவையும் உடன் அழைத்து வருகிறேன்.'" அவன் நிமிர்ந்தான். "அத்தை, எங்க கிளம்பறீங்க? மேலங்கியை எப்ப போட்டீங்க?"

லுக்ரீஷியா குனிந்து நோக்கினாள். அவளுடைய இரு கைகளும் மடியில் அசைவற்றுக் கிடந்தன. மேலங்கியின் கொக்கிகள் மட்டும், குழந்தைக்குப் பூட்டிவிடுவதுபோல் அவசரமின்றி, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தன.