தொரைசாணி அடைகாத்த விலாசம்

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆறாம் நம்பர் வீட்டில் ஒரு கோழி இருந்தது. அதன் பெயர் தொரைசாணி. தோட்டத்துத் தொரையின் மனைவியைத்தான் அப்படிச் சொல்வார்கள். இந்தக் கோழியின் நடையும் அப்படித்தான். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, லயத்து வாசல் முழுவதையும் தன் பெயருக்கு எழுதி வாங்கியதுபோல நடக்கும்.

பெயர் வைத்தவள் சுகிர்தா. வயது பத்து. வாய் கொஞ்சம் நீளம்.

இப்போது தொரைசாணி நடையை நிறுத்திவிட்டு அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதுவும் சாதாரண இடத்திலா? சவூதியிலிருந்து வந்த பெட்டியில்! சுகிர்தாவின் அம்மா யசோதா போன தீபாவளிக்குப் போர்வை, சவர்க்காரம், பால்மா, இனிப்பு எல்லாம் போட்டு அனுப்பிய பெரிய அட்டைப் பெட்டி அது. அவ்வளவு உறுதியான பெட்டியை எறிய யாருக்கு மனம் வரும்? அப்பா யோகராஜ் காய்ந்த புல்லைப் பரப்பி அதைக் கோழிக்குக் கொடுத்துவிட்டார்.

அம்மா இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வீட்டு வேலைக்குப் போனவர். தை மாதமே திரும்பியிருக்க வேண்டும். சித்திரையும் பிறந்துவிட்டது. அம்மா வரவில்லை.

யாரோ ஒருவருடைய போனிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினார்.

“பாஸ்போட்ட எடுத்து வச்சிக்கிட்டாங்க. போனையும் பறிச்சிட்டாங்க. தீவாளிக்கு முன்னாடியே வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. மூணு வீட்டு வேலய வாங்குறாங்க. என்னோட இன்னும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்க. ஊருக்குப் போறோம்னா கதவப் பூட்டுறாங்க.”

“எந்த எடம்னு சொல்லு யசோதா!” என்று அப்பா கத்தினார்.

“வெளிய விட்டாத்தானேங்க தெரியும்? எழுத்தெல்லாம் அரபு…”

அதோடு பேச்சு அறுந்துவிட்டது.

அப்பா கண்டிக்குப் போனார். வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் முறைப்பாடுகளை எடுக்கும் கந்தோரில் றிஸானா மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். சவூதியில் இருக்கும் தூதரகத்துக்கும் அறிவித்தார். இரண்டு கிழமையில் பதில் வந்தது. பழைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்களாம். அங்கே அம்மா இல்லையாம். எங்கே அனுப்பினோம் என்று அந்த வீட்டார் வாய் திறக்கவில்லையாம்.

“இப்ப இருக்கிற விலாசம் கிடைச்சா உடனே போவாங்க,” என்றார் றிஸானா மிஸ். “விலாசம் இல்லாம எந்தக் கதவத் தட்டுறது?”

அன்றைக்கு அப்பாவின் சோறு தட்டிலேயே ஆறியது. “அம்மா எப்ப வருவாங்க?” என்று ஆறு வயதுத் தம்பி ஜீவன் கேட்டான். சுகிர்தா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். அம்மா அனுப்பிய போர்வை அது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுகிற பாடம்.

“உறையில ரெண்டு விலாசம் எழுதணும்,” என்றார் டீச்சர். “கடிதம் போற இடம் ஒண்ணு. அனுப்புறவங்க இடம் இன்னொண்ணு.”

சுகிர்தாவின் பென்சில் கீழே விழுந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தில் அப்பாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அப்படியானால் மற்றப் பக்கத்தில் என்ன இருக்கும்? அதுவும் அம்மா வீடு மாறிய பிறகு அனுப்பிய பெட்டி!

பள்ளி விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். மற்றப் பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. பெட்டியை இழுக்கக் கை வைத்தாள். ஒரே கொத்து!

“ஆ! உன் முட்டைய யாரு கேட்டா?”

அடை உட்கார்ந்து பதினைந்து நாளாகிவிட்டது. இப்போது கோழி கோபித்துக்கொண்டு எழுந்து போனால் முட்டையெல்லாம் குளிர்ந்து கெட்டுப்போகும். பாவம். சுகிர்தா பெட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். பிறகு நிலத்தில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். இருந்தது! சவூதியில் அந்த வீட்டுக்கே வந்து பெட்டியை வாங்கிப்போன பார்சல் ஆள் ஒட்டிய தாள். முழுக்க முழுக்க அரபு.

அப்பா வேலைக்குப் போகும்போது போனையும் கொண்டுபோய்விட்டதால் படம் எடுக்க வழியில்லை. கொப்பியில் அப்படியே பார்த்து வரைந்துகொண்டு, கடைத்தெருவுக்கு ஓடினாள். அங்கேதான் கூடப் படிக்கும் ஜஹானாவின் வாப்பா கடை வைத்திருக்கிறார். ஜஹானா தினமும் குர்ஆன் ஓதப் போகிறவள்.

ஜஹானா கொப்பியை நேராகப் பார்த்தாள். சரித்துப் பார்த்தாள்.

“அரபு மாதிரித்தான் ஈக்குது. புள்ளியெல்லாம் எங்க?”

“அது கோழி எச்சம்னு நெனச்சி விட்டுட்டேன்.”

ஜஹானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “புள்ளி இல்லாட்டி என்னத்த வாசிக்க?”

“அப்ப நீயே வந்து பாரு. பார்த்து அர்த்தம் சொல்லு.”

ஜஹானாவின் சிரிப்பு நின்றது. “அர்த்தமா? எனக்கு ஓத மட்டுந்தான் ஏலும். கருத்து வெளங்காது.”

சுகிர்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அரபு தண்ணீர் பட்ட பாடு என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

“ஜஹானா, மடுல்கெல்லன்னா என்ன அர்த்தம்?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. ஆனா பஸ் சரியாத்தானே வந்து சேருது? ஊரு பேருக்கும் தெருப் பேருக்கும் எதுக்கு அர்த்தம்? நீ வாசி, போதும்!”

ஜஹானா ஒரு கணம் யோசித்தாள். “நீ செல்றது சரிதான். வாப்பா, நான் சுகிர்தா வீட்டுக்குப் போய்ட்டு வாரன்!”

இரண்டு பேரும் கோழிக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள். ஜஹானா எழுத்துக் கூட்டி வாசிக்க, சுகிர்தா தமிழில் எழுதினாள். நடுவில் ஒரு சொல்லை இரண்டு விதமாக வாசிக்கலாம் என்றாள் ஜஹானா. இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

“இலக்கம் வாசிக்கச் சுகம்,” என்றாள் ஜஹானா. “குர்ஆன்ல ஒவ்வொரு ஆயத்து முடியுற எடத்துலயும் இலக்கம் ஈக்குமே. வீட்டு இலக்கம் நாலு, ஏழு, ரெண்டு… ஆ!”

தொரைசாணி அவளுடைய மூக்கில் ஒரு கொத்து வைத்துவிட்டது.

அப்பா வந்ததும் சுகிர்தா கொப்பியை நீட்டினாள். அப்பா ஓடிப்போய் அந்தத் தாளைப் போனில் படம் பிடித்தார். ஆனாலும் முகம் முழுதாகத் தெளியவில்லை.

“மிஸ் அனுப்பிருவாங்க. ஆனா தனி ஆளு பேச்ச மேல யாரு அவசரமா எடுப்பாங்க, சுகிர்தா? போன வாட்டி ரெண்டு கிழமையாச்சே.”

சுகிர்தா யோசித்தாள். தோட்டத்தில் எல்லோரும் எப்போது ஒன்றாக வருகிறார்கள்? யாராவது இறந்தால் வருகிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் கூடாரம் வரும், கதிரை வரும், தேத்தண்ணீர் அண்டா வரும். எல்லாம் மரண உதவிச் சங்கத்தின் வேலை. அதன் தலைவி அங்கம்மா மூன்றாம் நம்பர் வீட்டில்தான் இருந்தார்.

“அத்தை, சங்கம் செத்தவங்களுக்கு மட்டுந்தானா?” என்று சுகிர்தா வாசலில் நின்று கேட்டாள். “உயிரோட இருக்கவங்களுக்கு வராதா?”

கொழுந்துக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்த அங்கம்மா நிமிர்ந்தார். “இந்தப் புள்ள வாயப் பாரு!” என்றார். பிறகு கூடையைக் கீழே வைத்தார். “யசோதா நம்ம கூட கொழுந்து பறிச்சவ. ஏன் வராது?”

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம். கடிதம் எழுதி, சங்கத்து முத்திரையைக் குத்தி, லயம் லயமாகக் கையொப்பம் வாங்கினார்கள். ஜஹானாவின் வாப்பாவும் கடைத்தெரு ஆட்களிடம் வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை பாடை கொண்டுபோகும் சங்கத்து வேனில் பதினொரு பேர் கண்டிக்குப் புறப்பட்டார்கள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு சுகிர்தாவும் போனாள். கொப்பி அவளிடம்தானே இருந்தது!

றிஸானா மிஸ் கடிதத்தின் தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“மரண உதவிச் சங்கமா? ஐயோ, யாரு மரணிச்சது?”

“யாரும் சாகலைங்க மிஸ்,” என்றார் அங்கம்மா. “இந்த வாட்டி முந்திக்கிட்டு வந்துருக்கோம்.”

றிஸானா மிஸ் கடிதத்தை மேசையில் வைத்தார். சுகிர்தாவின் கொப்பியையும் போனில் இருந்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த நிமிஷமே தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

நான்காம் நாள் குஞ்சு பொரித்தது. ஒன்பது குஞ்சுகள். ஒன்பதாம் நாள் அப்பாவின் போன் அடித்தது.

“நாங்க மூணு பேரும் வெளிய வந்துட்டோம்!” என்றார் அம்மா. தூதரகத்து ஆட்கள் அந்த நாட்டுப் பொலிஸையும் கூட்டிக்கொண்டு நேராக அதே கதவைத் தட்டினார்களாம். பாஸ்போட்டையும் நிறுத்தி வைத்திருந்த சம்பளத்தையும் வாங்கிக் கொடுத்தார்களாம். அப்பா போனைப் பிடித்தபடியே அழுதார். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

வைகாசிக் கடைசியில் அம்மா வந்து இறங்கினார். இளைத்திருந்தார். கையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது.

“பெட்டி எங்கம்மா?” என்று கேட்டான் ஜீவன்.

அம்மாவின் முகம் வாடியது. “இந்த வாட்டி ஒண்ணுமே வாங்க முடியலடா.”

“பெட்டிதான் ஏற்கனவே இருக்கே!” என்று சுகிர்தா அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுப் பின்பக்கம் இழுத்துப் போனாள். கிழிந்து, கறுத்து, ஓரமெல்லாம் கொத்துப்பட்டு நின்றது பெட்டி. அந்தத் தாள் மட்டும் பத்திரமாக இருந்தது. அதன் மேல் சுகிர்தா கொட்டை எழுத்தில் ‘அனுப்பியவர்: யசோதா’ என்று தமிழில் எழுதியிருந்தாள்.

அம்மா அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். தொரைசாணி சும்மா விடுமா? ஒரே கொத்து!

அம்மா “ஐயோ!” என்று கத்திவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பெட்டி வந்த அதே விலாசத்துக்கு, அதை அனுப்பியவரும் வந்து சேர்ந்துவிட்டார்.